13 அணிகள், ஓர் ஆட்டக்காரர்

இஷ் ஸ்மித்தின் பெயரைப் பிரஸ்தாபிக்கும் எவரும், அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துச் சங்கத்தில் 13 அணிகளுக்கு ஆடியவர் அவர் ஒருவரே என்ற கணக்கைத்தான் எடுத்துரைக்கிறார்கள். விடாமுயற்சியின் சின்னமாக அதைக் கொண்டாடுவதும் சம்பிரதாயமாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில், அந்தக் கணக்கில் பெரும்பகுதி அவருடைய சாதனையன்று. ஆட்டக்காரரின் சம்மதத்தைக் கேளாமலே அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அணி மற்றோர் அணிக்கு மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டின் விளைவு.

வட கரோலினாவில் 1988இல் பிறந்து, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடித் தேர்ந்த அவரை, 2010ஆம் ஆண்டில் புதியவர்களாகத் தேர்ந்தெடுத்த 60 பேருள் எந்த அணியும் சேர்க்கவில்லை. உயரம் ஆறடி, தூரத்திலிருந்து எறியும் பந்துக்கு நிச்சயமில்லை. எனினும், பந்து கைக்கு வந்த மாத்திரத்தில் எதிரணியின் காவலைக் கலைத்துவிடும் வேகமும், தோழர் நிற்கும் இடமறிந்து அதைக் கொடுக்கும் சாமர்த்தியமும் அவரிடம் பூரணமாக இருந்தன. பிரதான ஆட்டக்காரர் காயமுற்ற அணிக்கு இத்தகையவர் மறுநாளே பயன்படுவார், ஊதியமும் சொற்பம். அந்தச் சௌகரியமே அவருக்கு விலங்குமாயிற்று. மாற்றும்போது இரு தரப்பு ஊதியத் தொகைகளும் ஓரளவு ஒத்திருக்க வேண்டும் என்று விதியிருப்பதால், தராசுத் தட்டில் இடும் சிறு எடைக்கல்லைப் போலச் சிறிய ஒப்பந்தக்காரரையும் சேர்த்தனுப்புவது அங்கே சகஜம். 2011 பிப்ரவரியில் ஹூஸ்டன் அணி ஷேன் பேட்டியரை மெம்ஃபிஸுக்குக் கொடுத்தபோது, முதற்பருவத்தையே முடித்திராத ஸ்மித்தும் உடன் போனார்.

இந்த ஏற்பாட்டின் குருட்டுத்தனம் ஃபிலடெல்ஃபியாவில் அம்பலமாயிற்று. 2015இல் அவரைப் போகவிட்ட அந்த அணி, அடுத்த பருவத்தின் முதல் 31 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்று தத்தளித்தபின், எதிர்காலத் தேர்வுரிமைகள் இரண்டைக் கொடுத்து நியூ ஆர்லியன்ஸிடமிருந்து அவரை மீட்டது. எஞ்சிய 51 ஆட்டங்களில் வெற்றி ஒன்பது. பெருமைப்படத்தக்க தொகையன்றுதான்; ஆனால் தன் கையிலிருந்ததன் மதிப்பை இழந்தபின் அறிந்த நிர்வாகத்தை அது காட்டிக்கொடுக்கிறது.

இதே தளர்ந்த முறை இல்லாவிடில், தேர்விலே புறக்கணிக்கப்பட்ட ஒருவர் 14 பருவங்கள் நிலைத்திருப்பது துர்லபம் என்பதையும் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் கதவு மூடினால் மற்றோரிடத்தில் திறந்தது. பதின்மூன்றாவது அணியாகிய டென்வர் 2023இல் பட்டம் வென்றபோது, களத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஆயினும் பட்டம் பட்டமே.

தம்மை மாற்றலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் உரிமை, சங்கத்தில் 8 ஆண்டுகளும் அதே அணியில் 4 ஆண்டுகளும் கழித்தவர்களுக்கே உண்டு. ஸ்மித் தொடர்ந்து ஓரிடத்தில் நீண்டகாலம் ஆடியது டெட்ராய்ட்டில். அதுவும் மூன்றே பருவங்கள்.