மௌனமும் செயற்கை மார்பகமும்: ஆட்ரி லார்டின் நோய்க் குறிப்பேடு

நோயைப் பற்றிய எழுத்தை அனுபவப் பதிவு எனக் கூறி இலக்கியத்திற்குப் புறத்தே நிறுத்துதல் எளிது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் (1934–1992) எழுதி 1980இல் வெளிவந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்னும் சிறுநூல் அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. அதன் கருத்துக்கு வலுவூட்டுவது அதன் அமைப்பே என்பதை ஈண்டு நோக்குவோம்.

நூலில் மூன்று கட்டுரைகள் உள்ளன. முதற்கட்டுரை 1977 டிசம்பரில் சிகாகோவில் லார்ட் ஆற்றிய உரையாகும். மார்பில் தோன்றிய கட்டி தீங்கற்றது எனத் தெரிந்திருந்த காலம் அது. அச்சத்தை மீறிப் பெண்கள் பேசவேண்டும் என்பதே அவ்வுரையின் சாரம். மறு ஆண்டில் புற்றுநோய் உறுதியாகி, ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. எனவே, மேடையில் மொழிந்த கொள்கையை உடல் சோதிக்கும் களமாக ஏனைய இரு கட்டுரைகளும் அமைகின்றன. நூலில் இடம்பெறும் நாட்குறிப்புகளிலோ அச்சமும் சினமும் சோர்வும் மறைக்கப்படாமலே நிற்கின்றன. கட்டுரை எய்தும் தெளிவை நாட்குறிப்பு எளிதில் ஒப்புவதில்லை. இம்முரணே நூலின் நேர்மைக்குச் சான்று எனலாம்.

மருத்துவமனையில் தன்னார்வலர் ஒருவர் லார்டிடம் செயற்கை மார்பகம் ஒன்றைத் தருகிறார். அதன் வெளிறிய நிறம் கறுப்பு மேனிக்குப் பொருந்தவில்லை. முன்போலவே தோன்றலாம், ஆடவரைக் கவரலாம் என்னும் அவருடைய ஆறுதலும், பெண்ணையே துணையாகக் கொண்ட லார்டுக்குப் பொருந்தவில்லை. பின்னர், அதனை அணியாமல் மருத்துவரைக் காணச் சென்றபோது, மருத்துவரின் அலுவலகத்தில் உள்ளோரின் மனவுறுதி குலையும் எனத் தாதி ஒருவர் குறைகூறுகிறார். இந்நிகழ்ச்சிகளிலிருந்தே லார்டின் மையக் கருத்து பிறக்கிறது: இழப்பை மறைக்கும் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண இயலாது, அடையாளம் காணாதவர்கள் ஒன்றுகூடுவதும் இயலாது.

இக்கருத்தை நாம் ஏற்கிறோம்; எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. லார்டைச் சூழ்ந்து தாங்கிய தோழியர் வட்டம் ஒன்றிருந்தது. கவிஞர், கல்லூரி ஆசிரியர் என்னும் நிலையும் இருந்தது. அத்தகைய துணையின்றி, அன்றாடக் கூலியை நம்பி வாழும் கறுப்பினப் பெண்ணுக்கு, இழப்பை வெளிக்காட்டுதல் வேலையையே பறிக்கக்கூடும். செயற்கை மார்பகத்தைத் தேர்ந்த பெண்ணைத் தாம் பழிக்கவில்லை என லார்ட் முன்னுரையில் தெளிவுபடுத்துகிறார். ஆயின், மூன்றாம் கட்டுரையின் வேகத்தில் அப்பரிவு மங்கிவிடுகிறது. நிறத்தையும் பாலினத்தையும் கூர்ந்து நோக்கிய லார்டின் பார்வை, பிழைப்பின் நெருக்கடியை அதே கூர்மையுடன் நோக்கவில்லை என்பது நம் கருத்து.

1984இல் நோய் ஈரலுக்குப் பரவியது தெரிந்த பின்னரும் லார்ட் எழுதுவதை நிறுத்தவில்லை. 'எ பர்ஸ்ட் ஆஃப் லைட்' (1988) அதற்குச் சான்று. இவ்விரு நூல்களையும் இணைத்துப் பயிலும்போது, முதல் நூலை நோயை வென்றவரின் முழக்கமாக மட்டும் கொள்ள இயலாது. அச்சத்தோடு வாழக் கற்றுக்கொண்ட ஒருவர், தம்மைப் போன்ற பெண்களைத் தேடி அழைக்கும் குரலாகவே அது ஒலிக்கிறது.