குழந்தைத் தொழிலாளர் கட்டுரையில் எழுவாய் எங்கே?

‘கூளமாதாரி’ நாவலை முன்வைத்து ஒரு பார்வை

ஜூன் 12 உலகக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். அதையொட்டி நம்ம பள்ளிகளில் கட்டுரை, பேச்சுப் போட்டியெல்லாம் நடக்கும். இந்தத் தலைப்பில் மாணவர்கள் எழுதுவதைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு அதன் அச்சு மனப்பாடமாகியிருக்கும். காரணங்கள் மூன்று: வறுமை, பெற்றோரின் அறியாமை, கல்வியின்மை. விளைவுகள் மூன்று: உடல்நலக் கேடு, படிப்பு பாழாதல், சமூகச் சீர்கேடு. கடைசியில் ‘அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்’. புள்ளி கிடைத்துவிடும், சரிதான். ஆனால் அந்த வாக்கியங்களைக் கொஞ்சம் இலக்கணக் கண்ணோடு பாருங்கள்.

‘சிறுவர்கள் வேலைக்கு அமர்த்தப்படுகிறார்கள். சுரண்டப்படுகிறார்கள். அவர்களுக்குக் கல்வி மறுக்கப்படுகிறது.’ எல்லாமே செயப்பாட்டு வினை. அமர்த்தியது யாரு? மறுத்தது யாரு? கட்டுரை முழுக்கத் தேடினாலும் ஆள் அகப்பட மாட்டார். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்படுவது பெற்றோர் மட்டும்தான்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) நாவல் இந்தக் குறையை நிரப்புகிறது. கதை நடப்பது கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில். அருந்ததியர் சமூகச் சிறுவன் கூளையன், அப்பா வாங்கிய பணத்துக்காகக் கவுண்டர் வீட்டில் கட்டுண்டு ஆடு மேய்க்கிறான். அவனோடு மேய்ச்சலுக்கு வரும் பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள்: வவுறி, நெடும்பன், மொண்டி, செவிடி. வயிறு, உயரம், கால், காது என்று உடம்பைப் பார்த்தே ஊர் இவர்களைக் கூப்பிடுகிறது. ‘அடையாளம் இழக்கிறார்கள்’ என்று நாம் எழுதும் வரியை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

நாவல் இந்தப் பிள்ளைகளுக்காக நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. காட்டில் அவர்கள் விளையாடுகிறார்கள், நீந்துகிறார்கள், சண்டை போடுகிறார்கள். கவுண்டரின் மகன் செல்வன் விளையாட்டில் கூட்டாளி. அடுத்த நொடியே அவன் முதலாளி வீட்டுப் பிள்ளை. தேங்காய் திருடினான் என்று கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் இடம் படிக்கவே கஷ்டமானது. அதைச் செய்பவர் கொடூர வில்லன் இல்லை. ஊரில் மற்றவர்கள் செய்வதைச் செய்யும் ஒரு விவசாயி. வழக்கமாகிப்போன அநியாயத்துக்கும் செய்பவர் ஒருவர் உண்டு என்பதை நாவல் இப்படிக் காட்டுகிறது.

சிவசங்கரியின் கதையை வைத்து ஜானகி விஸ்வநாதன் இயக்கிய ‘குட்டி’ (2001) படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிறுமி கண்ணம்மா சென்னையில் வீட்டு வேலைக்குப் போகிறாள். வீட்டுத் தம்பதி அன்பானவர்கள். பாட்டி வந்த பிறகுதான் கொடுமை தொடங்குகிறது. கடைசியில் ஊருக்குப் போகிறோம் என்று நம்பி மும்பை ரயிலில் ஏறுகிறாள். மனதை உலுக்கும் படம், வகுப்பில் காட்டத் தக்கது. ஆனாலும் கோபம் முழுவதையும் பாட்டி மேல் இறக்கிவிடுவதால், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையை வேலைக்கு வைத்த அன்பான தம்பதி எளிதில் தப்பிவிடுகிறார்கள். நாவல் யாரையும் அப்படித் தப்ப விடவில்லை.

‘இது தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன?’ என்று மாணவர் கேட்கலாம். நம்ம தாத்தா பாட்டியைக் கேட்டால் தெரியும். செபராங் பிறை உட்பட, பால்மரத் தோட்டங்களில் மங்கு துடைக்கவும் கோட்டுப்பால் உரிக்கவும் பிள்ளைகள் விடியற்காலையிலேயே பெற்றோரோடு நிரைக்குப் போனார்கள். அந்தப் பெற்றோர் அறியாமையால் அனுப்பினார்களா? ஒரு ஆள் கூலி குடும்பத்துக்குப் போதாதபடி சம்பளம் வைத்தவர் யாரு?

1923-ஆம் ஆண்டு மலாயாத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை 10 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். தரம் எப்படியிருந்தாலும், பொறுப்பு யாருக்கு என்பதைச் சட்டம் சொன்னது. நம்ம தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றமும் அதையே செய்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், 1996-இல், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வழி செய்யவும் சொன்னது. வறுமை பிள்ளையைத் தள்ளுகிறது, மலிவான கூலி தேடுபவர் இழுக்கிறார். தீர்ப்பு இரண்டு பக்கத்தையும் பார்த்தது.

தேர்வுக்குத் தேவையான விவரங்கள்: அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து தந்த கணக்குப்படி 2024-இல் உலகில் 138 மில்லியன் குழந்தைத் தொழிலாளர்கள். இவர்களில் 54 மில்லியன் பேர் ஆபத்தான வேலையில் இருக்கிறார்கள். 2020-இல் மொத்தம் 160 மில்லியன், ஆக, குறைந்திருக்கிறது. சுமார் 61 விழுக்காட்டினர் விவசாயத்தில்தான். தொழிற்சாலைப் படத்தை மட்டும் வரையும் கட்டுரை பாதியைக்கூடச் சொல்லவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோத் தோட்டத்தில் பிள்ளை கையில் வெட்டுக்கத்தி இருக்கிறது, பூச்சிமருந்து நெடியும் உண்டு. காங்கோவின் கோபால்ட் சுரங்கத்தில் தூசும் மண்சரிவும். சாக்லேட்டும் கைப்பேசி மின்கலனும் நம்ம வீட்டுக்கு வருகின்றன என்பதால், வாங்கும் நாமும் அந்த வாக்கியத்தில் எங்கோ இருக்கிறோம்.

ஒரு வேறுபாட்டையும் மாணவர் அறிய வேண்டும். விடுமுறையில் பாசார் மாலாம் கடையில் அப்பாவுக்கு உதவும் பிள்ளை குழந்தைத் தொழிலாளர் ஆகிவிடாது. மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் குடும்பத் தொழிலில் பிள்ளையின் திறனுக்கேற்ற இலகுவான வேலைக்கு இடம் தருகிறது. படிப்பையும் உடலையும் கெடுக்கும் வேலைதான் பிரச்சினை.

‘கூளமாதாரி’யின் கொங்கு வட்டார மொழி நம்ம மாணவர்களுக்கு முதலில் சிரமம் தரும். முழு நாவலையும் கொடுக்க வேண்டாம். மேய்ச்சல் காட்சி ஒன்றை ஆசிரியர் வாய்விட்டு வாசித்தால் காது பழகிவிடும். பிறகு ஒரு பயிற்சி. மாணவர் தம் கட்டுரையில் உள்ள ‘படுகிறார்கள்’ ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு, செய்வினையாக மாற்றட்டும். ‘சிறுமி வேலைக்கு அமர்த்தப்பட்டாள்’ என்பது ‘மலிவாகக் கிடைப்பாள் என்று ஆலை முதலாளி சிறுமியை அமர்த்தினார்’ என்று ஆகும். எழுவாயை எழுத முடியாத இடத்தில் மாணவர் நின்று யோசிப்பார். வகுப்பில் கலந்துரையாடலை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.