பேரரசின் வீழ்ச்சி: மொந்தெஸ்கியுவும் ஆனந்தரங்கரும்

அறிவொளிக்காலச் சிந்தனையாளர்கள் பேரரசுகளின் எழுச்சி, வீழ்ச்சி குறித்து என்ன சொன்னார்கள் என்று பாடநூல்கள் விளக்கும்போது பெரும்பாலும் உரோமாபுரியோடு நின்றுவிடுகின்றன. அதே காலத்தில் புதுச்சேரியில் ஒரு பேரரசு எழ முயன்று சரிந்ததைத் தமிழில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். உரோமர் பற்றிய மொந்தெஸ்கியுவின் நூல் வெளிவந்தது 1734இல். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவது 1736இல்.

மொந்தெஸ்கியுவின் வாதம் தெளிவானது. உலகை ஆள்வது விதியன்று. ஒரே போரில் ஓர் அரசு அழிந்தால், அப்படி அழியும் நிலைக்கு அதைக் கொண்டுவந்த பொதுக் காரணம் முன்பே இருந்திருக்கும். பிள்ளையோ அதிர்ஷ்டம், கிரகம், நல்ல நேரம் என்று எழுதுகிறார். இதை வைத்துக்கொண்டு ஐரோப்பியர் காரணம் தேடினார்கள், நம்மவர் விதியை நொந்தார்கள் என்று முடிப்பது வழக்கம். அந்த முடிவு சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

1746இல் அடையாற்றங்கரையில் மாபுஸ் கானின் பெரும்படையைச் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை சிதறடித்தது. வென்றவர்களே பதினைந்து ஆண்டுகளில் புதுச்சேரியை இழந்தார்கள். ஏன்? மொந்தெஸ்கியு கேட்ட பொதுக் காரணத்துக்கான பொருள் பிள்ளையின் பக்கங்களில் குவிந்து கிடக்கிறது: துணி வணிகர்க்குத் தரவேண்டிய முன்பணம், வராத கப்பல், அதிகாரிகளுக்குள் பகை, காலியான கருவூலம். கிரகத்தைச் சொல்லும் அதே கை கணக்கையும் எழுதுகிறது. வணிகருக்குக் கணக்கு தப்பாது.

செம்பாக்கம், தாம்பரம் பக்கத்து மாணவர்க்கு இது தூரத்துக் கதையும் அல்ல. லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, 1759 பிப்ரவரியில் யூசுப் கான் உள்ளிட்டோரின் படை பிரெஞ்சுக்காரரோடு மோதியது பக்கத்துப் பரங்கிமலையில்தான். அதே ஆண்டு அக்டோபரில் சம்பளபாக்கிக்காக லாலியின் ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1761 சனவரியில் பிள்ளை இறந்தார். சில நாளில் புதுச்சேரி சரணடைந்தது. 1766இல் பாரிசில் லாலியின் தலை வெட்டப்பட்டது. வால்தேர் 1773இல் அவருக்காக வாதாடி எழுதினார். வலுவான எழுத்துதான், ஆனால் அதன் அக்கறை ஒரு பிரெஞ்சுத் தளபதிக்கு நேர்ந்த அநீதி. சூறையாடப்பட்ட ஊர்கள் அதில் பின்னணிக் காட்சிகளே.

பிள்ளைக்கும் குறை உண்டு. அதை மறைத்தால் இது விமர்சனமாகாது. அவர் துபாஷி. கம்பெனி வளர்ந்தால் தாமும் வளர்பவர். இந்த ஆட்சிக்கு இங்கே என்ன உரிமை என்ற கேள்வியை அவர் எழுப்புவதில்லை. ரெய்னாலின் நூலுக்குள் திதெரோ எழுதிய பகுதிகளில் அந்தக் கேள்வி கோபத்தோடு வருகிறது. 1748இல் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டபோது பிள்ளை வருந்துகிறார், டூப்ளேயின் மனைவியைச் சாடுகிறார். டூப்ளேயிடம் வேலையை மட்டும் விடவில்லை.