பனிவெளியும் பால்மரமும்: வடதுருவ மக்கள் பற்றிய நூல்களை ஜாசினிலிருந்து வாசித்தல்

முன்னுரை

ஓர் இனத்தைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்களும், அவ்வினம் தன்னைப் பற்றித் தானே எழுதிய நூல்களும் ஒரே செய்தியைக் கூறினாலும் ஒரே பொருளைத் தருவதில்லை. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நூல்வரிசை வடதுருவப் பகுதி மக்களைப் பற்றியதாகும். மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத் தோட்டத் தமிழரின் வாழ்வுக்கும் கிரீன்லாந்து, வடகனடா மக்களின் வாழ்வுக்கும் வெளித்தோற்றத்தில் தொடர்பில்லை. எனினும், இரு சாராரும் நெடுங்காலம் பிறரால் எழுதப்பட்டவர்கள். பின்னரே தாமாக எழுதத் தொடங்கியவர்கள். இவ்வொற்றுமையை அடிப்படையாகக் கொண்டு, அந்நூல்கள் நமது தோட்ட இலக்கியத்தை மதிப்பிட எவ்வாறு துணைபுரியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறர் இட்ட பெயர்

நம் வகுப்பறைகளில் வடதுருவ மக்கள் 'எஸ்கிமோ' என்னும் பெயராலேயே நெடுங்காலம் அறிமுகமாயினர். அது பிறர் இட்ட பெயர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழ்வோர் தம்மை 'இனுயிட்' என அழைப்பர். 'மக்கள்' என்பதே அதன் பொருள். அவ்வாறே, 'இக்லு' என்பது அவர்தம் மொழியில் பொதுவாக வீட்டையே குறிக்கும். பனிக்கட்டியால் கட்டிய வீடு சில பகுதிகளில் குளிர்காலத்துக்கும் வேட்டைப் பயணத்துக்கும் உரியது. கிரீன்லாந்தின் பல பகுதிகளில் கல்லும் புல்மண்ணும் கொண்டு கட்டிய வீடுகளே வழங்கின. பனியைக் குறிக்க அவர்களுக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு என்னும் கூற்றும் இத்தகையதே. பிரான்சு போவாசு 1911இல் எடுத்துக்காட்டிய ஒரு சில சொற்கள் பிற்கால நூல்களில் பெருகிப்போன வரலாற்றை 1986இல் இலாரா மார்ட்டின் விளக்கினார்.

'கூலி' என்னும் சொல்லை இங்கு ஒப்புநோக்கலாம். தமிழில் அது உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம். காலனித்துவ ஆவணங்களில் அதுவே உழைப்பவனின் பெயராயிற்று. பெற வேண்டிய ஊதியமே ஆளின் அடையாளமான இந்தத் திரிபைக் கவனியாமல் தோட்டத்து நூல்களை வாசிப்பது முழுமையான வாசிப்பு ஆகாது.

உறைந்த சித்திரம்

1922இல் வெளிவந்த இராபர்ட் பிளாகர்ட்டியின் 'நானூக்' திரைப்படம் வடதுருவ மக்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய படைப்பாகும். அப்போதே துப்பாக்கி பயன்படுத்திய வேட்டையாடிகளை அவர் பழைய ஈட்டியுடன் நடிக்க வைத்தார் என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. மக்கள் பழமையில் உறைந்தவர்களாகக் காட்டப்பட்டனர். அப்படம் எடுக்கப்பட்ட இனுக்சுவாக் வட்டாரத்திலிருந்தே 1953இல் சில குடும்பங்கள் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே குடியேற்றப்பட்டன. பழகிய வேட்டை நிலத்தை இழந்து அவை பெருந்துன்பம் உற்றன. கனடிய அரசு 2010இல்தான் அதற்கு மன்னிப்புக் கோரியது. 'இவர்கள் எக்குளிரையும் தாங்குவர்' என்னும் சித்திரம் மனத்தில் பதிந்துவிட்டால், அவர்களை எங்கும் பெயர்த்து நடலாம் என்னும் எண்ணமும் எளிதில் உண்டாகும். ஆகவே, சித்திரிப்பின் பிழை இலக்கியத்தோடு நின்றுவிடுவதில்லை.

நமது நிலையிலும் இதன் சாயலைக் காணலாம். 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்ற ஆன்றி போகொன்னியேயின் 'மலேசி' நாவல், தோட்டத் துரையாக இருந்தவர் எழுதியது. அதில் மலாய் மாந்தர் கதையின் நடுவில் நிற்க, தமிழ்த் தொழிலாளர் பெரிதும் பின்னணியாகவே அமைகின்றனர். தமிழகத்திலிருந்து வந்து கண்டு அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' இவ்வகையில் வேறுபட்டது. தொழிலாளரைக் கதையின் நடுவில் நிறுத்தியமை அதன் சிறப்பு. ஆயினும், அது இரக்கத்தோடு வந்த விருந்தினரின் பார்வை என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும்.

ஈண்டு ஒரு கருத்தை வலியுறுத்த விரும்புகிறோம். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' தொடங்கிக் கா. பெருமாளின் 'துயரப் பாதை' வரை, தோட்டத்தைப் பற்றிய படைப்புகளின் தலைப்புகளிலேயே துயரம் குடிகொண்டிருக்கிறது. அத்துயரம் மெய்யானது. சயாம் மரண இரயில் பாதையில் மாண்டவர்களை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கியிராவிட்டால் தமிழ் இலக்கியம் கடமை தவறியதாகியிருக்கும். எனினும், துயரம் மட்டுமே தோட்டமாகிவிடும்போது அதுவும் ஓர் உறைந்த சித்திரமே. பெரட்டுக் களத்தில் எழுந்த சிரிப்பும், நிரை பிரிப்பதில் வந்த பூசலும், மரப்பட்டையின் ஆழம் அறிந்து உளியை இழுக்கும் கைத்திறனும் அச்சித்திரத்தில் இடம்பெறாமல் போகின்றன.

தாமே எழுதியபோது

இதற்கு மாற்றாக மூன்று நூல்வகைகளைச் சுட்டலாம். முதலாவது, இரு உலகங்களுக்கும் உரியவரின் எழுத்து. கிரீன்லாந்தில் 1879இல் பிறந்து, அம்மண்ணின் மொழியைக் குழந்தைப் பருவத்திலேயே பேசிய குனுட் இராசுமுசென், 1921 முதல் 1924 வரை நாய்ச்சறுக்கு வண்டியில் அட்சன் குடாவிலிருந்து அலாசுகா வரை சென்று பாடல்களையும் நம்பிக்கைகளையும் பதிவு செய்தார். சொன்னவரின் பெயரோடு சொல்லைப் பதிந்தது அவர்தம் நூல்களின் பெருமை. இரண்டாவது, நேரடி வழக்குரை. வட ஐரோப்பாவின் சாமி இனத்தவரான யோகான் தூரி 1910இல் வெளியிட்ட நூல், தம் மக்களின் வாழ்க்கை முறையை ஆள்வோர் அறியவில்லை என்பதனால் எழுதப்பட்டது. மூன்றாவது, புனைகதை. மித்தியார்யுக் நப்பாலுக்கின் 'சனாக்' அதற்குச் சிறந்த சான்று.

அந்நாவலின் தோற்றம் வியப்புக்குரியது. 1950களின் தொடக்கத்தில் மொழி கற்க விரும்பிய ஒரு கிறித்துவப் பாதிரியார், அன்றாட வழக்குத் தொடர்களை எழுதித் தருமாறு அவரைக் கேட்டார். பள்ளி செல்லாத, நாவல் எதையும் வாசித்திராத அப்பெண்மணி, தொடர்களின் பட்டியலுக்குப் பதிலாக மாந்தரைப் படைத்தார். சனாக் என்னும் கைம்பெண்ணும் அவள் மகளும் சுற்றத்தாரும் தோல் தைக்கின்றனர், முட்டை பொறுக்குகின்றனர், சண்டையிட்டுச் சமாதானமாகின்றனர். வெள்ளையர் வருகின்றனர், நோயும் வருகிறது. எதுவும் விளக்கப்படுவதில்லை; எல்லாம் செய்யப்படுகின்றன. அது 1984இல் இனுயிட் எழுத்திலும், 2002இல் பிரெஞ்சிலும், 2014இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. துயரம் அதில் உண்டு. ஆனால் வேலைகளுக்கு நடுவே வருகிறது. இதுவே அந்நாவல் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நம்மிடையே முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' இதற்கு அணுக்கமான முயற்சி எனலாம். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்துப் பேச்சு வழக்கையே கதையின் உடலாக்கியது. இவை ஆய்வாளர்களின் கூடுதல் கவனத்துக்கு உரியவை. ஆர்.கே. ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்டச் சமூக ஆய்வையும், கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட குடியேற்ற வரலாற்றையும் அடிக்கடி மேற்கோள் காட்டும் நாம், இவற்றைச் சமூகச் சான்றுகளாக அதே அளவு எடுத்தாள்வதில்லை.

ஒப்பீட்டின் எல்லை

ஒப்பீடு எல்லை கடக்கலாகாது. வடதுருவ மக்களுக்கு அந்நிலம் தொன்மைத் தாயகம். அவ்வுரிமையை முன்வைத்தே கனடாவில் 1999இல் நுனாவுட் ஆட்சிப்பகுதி உருவாயிற்று. தோட்டத் தமிழரோ பிறருடைய நிலத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அம்முயற்சி ஜாசின் மாவட்டத்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. காடு திருத்தி மரம் வளர்த்தோருக்கு லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நிலம் கைமாறியபோதும் நாட்டின் பல தோட்டங்களில் கோயிலும் இடுகாடும் கேள்விக்குள்ளாயின. பட்டாவில்லாத மண்ணைத் தாயகமாகக் கருதிய இம்மனநிலையைச் சொல்லும் இலக்கியமே நமக்குரிய தனித்துவம். அதற்கு வடதுருவ நூல்களில் முன்மாதிரி இல்லை.

மேலும், மலாக்காவின் தொல்குடிகளான தெமுவான் மக்களே உண்மையில் வடதுருவ மக்களோடு ஒப்பிடத்தக்கவர்கள். ஒரே மாநிலத்தில் வாழும் அவர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோமாயின், பிறரால் எழுதப்பட்ட நாம் பிறரை எவ்வாறு எழுதுகிறோம் என்பது சோதிக்கப்படும்.

முடிவுரை

கையால் பால்வெட்டி, மங்கு துடைத்து, ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் பிரித்தறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்தம் சொற்கள் அகராதியில் சேர்ந்தால் மட்டும் போதாது. அச்சொற்களைச் சொன்ன வாயும் செய்த கையும் பதிவாக வேண்டும். ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் அசகான் வட்டாரத் தமிழாசிரியர்கள் மாணவர்களிடம் 'தோட்டத்துத் துன்பங்கள்' என்னும் தலைப்பில் கட்டுரை கேட்பதைவிட, 'என் பாட்டி ஒருநாள் காலை என்னென்ன செய்தார்' எனக் கேட்டெழுதி, சொன்னவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறிக்கச் செய்வது பயன் தரும். தொடர்ப் பட்டியல் கேட்ட ஒருவருக்கு ஒரு நாவல் கிடைத்தது. நமது வினாவும் அத்தகைய விடைக்கு இடந்தருவதாக அமைதல் வேண்டும்.