துவர்ப்பு எங்கே போச்சு? ஒரு சின்ஃபண்டெல் கலவை பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டில் சாராயக் கடைக்கு 'ஒயின்ஷாப்'னு பேர். ஆனா அங்கே மிகக் குறைவாக விற்கும் சரக்கு ஒயின்தான். 1983-ல் டாஸ்மாக் தொடங்கி, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போன பிறகும் நிலைமை பெரிசா மாறலை. பிராந்தி, ரம், பீர் வரிசைக்கு நடுவே நாலஞ்சு ஒயின் புட்டி நின்னா அதிர்ஷ்டம். அதனால ஒயினைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் பெரும்பாலும் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த புட்டி வழியாகத்தான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இது இன்னும் அதிகம். கொரியா, ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கான்னு போய் வர்ற ஆளுங்க. இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டு வரலாம் என்பதால், விமான நிலையத்தில் கைக்குக் கிடைக்கும் 10, 12 டாலர் கலிஃபோர்னியா சிவப்பு ஒயின் இங்கே நிறைய சுற்றுது. அதில் ஒரு வகை: சின்ஃபண்டெலை முன்னிறுத்தி, கூடவே மெர்லோ, சிரா, கபர்னே சோவின்யோன் சேர்த்த 'ரெட் பிளெண்ட்'. அப்படி ஒரு புட்டியைப் போன வாரம் மூணு நாள் வெச்சு ருசி பார்த்தேன். பெயர் வேண்டாம். இந்தக் குறிப்பு ஒரு கம்பெனியைப் பத்தினது இல்லை, ஒரு பாணியைப் பத்தினது.

முதல்ல சின்ஃபண்டெல் யாருன்னு பார்த்துடலாம். அமெரிக்கர்கள் ரொம்ப நாளா தங்கள் சொந்தத் திராட்சை மாதிரி கொண்டாடின ரகம் இது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேரல் மெரடித் 1990-களில் மரபணுச் சோதனை செய்து, இதுவும் இத்தாலியின் பிரிமிட்டிவோவும் ஒரே ரகம் என்று காட்டினார். பிறகு குரோவேஷிய ஆய்வாளர்கள் இவான் பெயிச், எடி மாலெட்டிச் ஆகியோரோடு சேர்ந்து தேடியதில், 2001-ல் அட்ரியாட்டிக் கடற்கரையில் காஷ்டெல் நோவி என்ற ஊரின் பழைய தோட்டமொன்றில் அதே செடி அகப்பட்டது. பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போய், வேறு பேரில் பெரிய ஆளான கதை. நம்ம ஊருக்கு அது புதுசில்லை.

இந்த ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. குலை முழுக்க ஒரே நேரத்தில் பழுக்காது. ஒரே குலையில் பச்சைக்காய், நல்ல பழம், காய்ந்து சுருங்கியது மூணும் இருக்கும். பச்சை பழுக்கட்டும்னு காத்திருந்தா மற்றவை உலர்திராட்சையாகி சர்க்கரை ஏறிடும். சர்க்கரை ஏறினா ஆல்கஹாலும் ஏறும். அதனால்தான் சின்ஃபண்டெலில் ஜாம் வாசனையும் 14, 15 சதவீத ஆல்கஹாலும் சகஜம். கலவையில் இதன் வேலை பழவாசனை தருவது. மெர்லோ மென்மைக்கு, சிரா நிறத்துக்கும் மிளகுச் சாயலுக்கும், கபர்னே முதுகெலும்புக்கு.

சரி, ருசிக்கு வருவோம்.

புட்டியின் பின்பக்கச் சீட்டு 'பிளாக்பெர்ரி, பாய்சன்பெர்ரி, மோக்கா' என்கிறது. இங்கே எத்தனை பேர் பாய்சன்பெர்ரி சாப்பிட்டிருப்போம்? நமக்குத் தெரிஞ்ச பொருளில் சொன்னா: முகர்ந்ததும் நல்லாக் கனிஞ்ச நாவல்பழம், பேரீச்சை, கொஞ்சம் பட்டை, கிராம்பு, அதுக்கு மேல தூக்கலா வெனிலா. இந்த வெனிலா திராட்சையில் வராது, ஓக் மரத்தில் வருவது. விலை உயர்ந்த ஒயினை ஓக் பீப்பாயில் ஊற வைப்பாங்க. மலிவு விலையில் பீப்பாய்ச் செலவு கட்டுப்படியாகாது, அதனால் தொட்டியில் ஓக் சீவலைப் போட்டு வாசனை ஏற்றுவது இந்தத் தொழிலில் வழக்கம்.

வாயில் வைத்ததும் இனிப்பு. பிறகு வழவழப்பு. பிறகு மறுபடி இனிப்பு. அவ்வளவுதான்.

என் குறை இங்கேதான் ஆரம்பிக்குது. ஆங்கிலத்தில் 'டானின்'னு சொல்வதை விளக்க ஒயின் புத்தகங்கள் பக்கம் பக்கமா எழுதும். நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே அதை வெச்சிருக்கோம். வாழைப்பூ, நெல்லிக்காய், பாக்கு, கடுக்காய் எல்லாம் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு நம்மது. சிவப்பு ஒயினை வெள்ளை ஒயினிலிருந்து பிரிப்பதே திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் இந்தத் துவர்ப்புதான். அதைக் காணோம்னா, சிவப்பு நிறம் மட்டும் எதுக்கு?

துவர்ப்பு நிஜமாவே இல்லையா, மறைஞ்சிருக்கா? கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கு. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி' என்பது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறைகளை வைத்துச் சொன்னது, அதாவது 16 முதல் 18 டிகிரி. ஒரகடத்தில் மே மாத அறை வெப்பம் 35. அந்தச் சூட்டில் இனிப்பும் ஆல்கஹால் நெடியும் முன்னுக்கு வரும். ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வைத்து எடுத்தா இனிப்பு அடங்கி, புளிப்பும் துவர்ப்பும் தெரிய ஆரம்பிக்கும். நல்ல ஒயின் அப்போ தன் எலும்பைக் காட்டும். இந்தப் புட்டி காட்டியது மெல்லிய புளிப்பும், ஓக்கின் லேசான கசப்பும்தான். இரண்டாம் நாள் வெனிலா மட்டும் மிச்சம். மூன்றாம் நாள் அதுவும் சலிச்சுப் போச்சு.

இனிப்பு ஒயின் என்றாலே மட்டம்னு நான் சொல்லலை. கிறிஸ்மஸ் சமயத்தில் ஆங்கிலோ-இந்திய வீடுகளில் பன்னீர் திராட்சை, சர்க்கரை, பட்டை, கிராம்பு போட்டு ஊற வைக்கும் ஒயின் நல்ல இனிப்பு. அது தன்னை இனிப்புன்னுதான் சொல்லிக்குது. இந்தக் கலவையோ கபர்னே, சிரா என்று கம்பீரமான பேர்களை அடுக்கிட்டு, சர்க்கரையைப் பத்தி வாய் திறக்காது. லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை விடுவது இந்தப் பாணியில் சாதாரணம். அமெரிக்கச் சட்டப்படி அதை லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் முதல், புதிதாகத் தயாரிக்கும் ஒயினுக்கு மூலப்பொருள், சத்து விவரம் தர வேண்டும்.

அந்தச் சர்க்கரையால் உடம்புக்கு என்ன ஆகும்னு கேட்டா, பெரிசா ஒண்ணுமில்லை. லிட்டருக்கு 15 கிராம்னே வெச்சாலும் 150 மில்லி கோப்பையில் இரண்டே கால் கிராம், நம்ம டீக்கடை டீயில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். பிரச்சினை வேறு. துவர்ப்பு ஒரு பிரேக். நாக்கை இழுத்துப் பிடிச்சு 'மெதுவா'ன்னு சொல்லும். அதை எடுத்துட்டா ஜூஸ் மாதிரி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: 750 மில்லி, 13.5 சதவீதம் என்றால் சுமார் 80 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 61 கிராம். ஒரு புட்டி ஒயின் ஒரு குவார்ட்டரைவிட மூணில் ஒரு பங்கு அதிகம்! 'ஒயின்தானே, லைட்டு'ன்னு சொல்லிட்டு வண்டி எடுத்து பெங்களூர் ஹைவேயில் ஏறுகிறவர்கள் இதைத் தெரிஞ்சுக்கணும். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான்.

இந்த ஒயினுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லணும். போன வருஷப் புட்டியும் இந்த வருஷப் புட்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஒவ்வொரு பாகமும் அளவு மாறாமல் வரணும்னு உயிரை விடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரலை. சின்ஃபண்டெலின் ஒழுங்கற்ற பழுப்பைக் கலவையால் சமன் செய்வது நிஜமான திறமை. ஆனா பிஸ்டனில் வேறுபாடு குற்றம், திராட்சையில் வேறுபாடுதான் விஷயமே. அதைத் தேய்த்து எடுத்தபின் மிஞ்சுவது குறையில்லாத ஒரு பொருள், அவ்வளவே.

சாப்பாட்டோடு? மட்டன் சுக்காவுக்கு வேண்டாம். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் தூண்டி விடும், தொண்டை எரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் கொரிய உணவகங்களில் கிடைக்கும் புல்கோகி போல, சோயாவும் இனிப்பும் சேர்ந்த இறைச்சிக்கு இது நல்லாவே பொருந்தும்.

'மலிவு' என்பதும் நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் ஒயின் இறக்குமதிக்குப் பல காலமா 150 சதவீதச் சுங்கவரி. 5 டாலர் சரக்கு துறைமுகத்தைத் தாண்டும்போதே பன்னிரண்டரை டாலர். 2022 ஆஸ்திரேலிய ஒப்பந்தம் மாதிரி சில இடங்களில் அது குறைஞ்சிருக்கு, ஆனா அதுக்கு மேல மாநில வரி வேற. ஆகவே இந்த வகையைக் கடையில் காசு கொடுத்து வாங்கணும்னா என் பதில் வேண்டாம் என்பதே. சின்ஃபண்டெல்தான் வேணும்னா, நாசிக்கில் அதைப் பயிரிட்டு ஒயினாக்கும் சுலா இருக்கு. அங்கிருந்து தொடங்கலாம்.

யாராவது பரிசாகக் கொடுத்தா? வாங்கிக்குங்க. முக்கால் மணி நேரம் குளிர வைங்க, நாலு பேரா பங்கு போட்டுக்குங்க, வண்டிச் சாவியை வீட்டிலேயே வைங்க. மதிப்பெண் கேட்டா, பத்துக்கு அஞ்சு. துவர்ப்பு இருந்திருந்தா ஏழு.