வரைபடமும் பனிக்காடும்

1942ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி மொஸ்கோவிலே கெரில்லா இயக்கத்தின் மத்திய தலைமையகம் நிறுவப்பட்டது. பெலோருஷ்யக் கட்சிச் செயலாளர் பொனொமரெங்கோ அதன் தலைவரானார். ஜேர்மன் படைகளின் பின்புறத்தே சிதறுண்டு போராடிய குழுக்களுக்கு வானொலிக் கருவியும் வெடிமருந்தும் அனுப்பி, அவற்றை ஒரே கட்டளையின் கீழ்க் கொணர்வது அதன் பணி. 1944 ஜனவரியில் அது கலைக்கப்பட்டது. அதன் பயனைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. எனினும் தலைமையகத்தின் கணக்கும் பிழைபடக்கூடும். 1943 ஓகஸ்டில் தொடங்கிய 'தண்டவாளப் போரில்' தண்டவாளங்களைத் தகர்ப்பதே இலக்காயிற்று. புகைவண்டிகளையே கவிழ்த்திருக்க வேண்டுமென வெடிமருந்து நிபுணர் ஸ்தாரினோவ் பின்னாளிற் கண்டித்தார்.

இலக்கியகாரன் இப்போரை எங்கே நின்று பார்ப்பது? சுவரிலே தொங்கும் வரைபடத்தின் முன்னின்றா?

பதயேவின் 'இளங்காவற்படை' 1946இல் நூலுருப் பெற்றது. கிராஸ்னதோன் சுரங்க நகரத்து இளைஞர்கள் தாமாகவே கிளர்ந்தெழுந்த வேகம் அதில் உண்டு. கட்சியின் வழிகாட்டல் போதாதென்று 1947இல் 'பிராவ்தா' குறைகூறியது. பதயேவ் பணிந்தார், 1951இல் வெளிவந்த திருத்திய பதிப்பிலே மூத்த கட்சித் தோழர்கள் கூடுதலாக நடமாடுகின்றனர். சமுதாயப் பொறுப்புள்ள இலக்கியத்தை வேண்டி நிற்கும் நாமே இதை ஒளிக்காமற் கூறவேண்டும்: திருத்தம் நாவலைக் கெடுத்தது. இளைஞரின் துணிவு கடன் வாங்கிய துணிவாயிற்று.

பீக்கவின் 'சோத்னிக்கவ்' (1970) தலைமையகத்தை நாடவேயில்லை. உணவு தேடிப் பனியிலே செல்லும் இரு கெரில்லாக்கள், ஒருவன் நோயாளி. அவனது இருமலே இருவரையும், புகலிடந் தந்த மூன்று பிள்ளைகளின் தாயையும் காட்டிக்கொடுக்கிறது. திடகாத்திரமும் சமயோசிதமும் வாய்ந்த ரீபாக், சற்று அவகாசம் பெறலாமெனப் படிப்படியாக விட்டுக்கொடுத்து, ஈற்றில் தூக்குமேடையில் தோழனின் காலடிக் கட்டையைத் தானே அகற்றுகிறான். அவனைப் பிறவித் துரோகியாக ஆசிரியர் தீட்டவில்லை. அதுவே இக்கதையின் கொடூரம். சோர்வை வளர்க்கும் எழுத்து இதுவென நம் நண்பர் சிலர் முகஞ் சுளிப்பர். நோயாளியான சோத்னிக்கவ் பழியனைத்தையும் தன் தலையிலேற்று ஏனையோரை மீட்க முயல்வதை அவர்கள் எவ்வாறு வாசித்தனரோ!

உயர்தர வகுப்பில் இக்கதையை நாம் எடுத்துரைத்தபோது பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் கேட்டான்: "சேர், ரீபாக்குக்கு அந்நேரம் கட்டளையிட ஒருவர் இருந்திருந்தால்?" மணியடித்த பின்னரும் வகுப்புக் கலையவில்லை.