குன்றின் வீழ்ச்சி என்னும் கதை: பங்கர் ஹில் பற்றிய இரு நாவல்கள்

லொஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தை ஒட்டியெழுந்த பங்கர் ஹில் குன்று ஆங்கில நாவல் வாசகருக்குப் புதியதன்று. றேமண்ட் சாண்ட்லரின் ‘த ஹை விண்டோ’ (1942) அதனைச் சீருடன் வாழ்ந்து நொடித்துப்போன பகுதியாகக் காட்டுகின்றது. மாளிகைகள் வாடகை அறைகளாகிவிட்டன. வறியோரும் குற்றவாளிகளும் அங்கு ஒருங்கே வைத்து எண்ணப்படுகின்றனர். சித்திரிப்பின் கூர்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், மாளிகையிலிருந்து வரலாற்றைத் தொடங்குவோர் அதனை வீழ்ச்சியிலேயே முடிக்க வேண்டியவராகின்றனர்.

மாளிகைக்கு முன்னர் அங்கிருந்தது நீர்வசதியற்ற மேட்டுநிலமே. 1867இல் பிரெஞ்சுக் கனடியரான புருடென்ற் போட்ரி குன்றின் பெரும்பகுதியை மலிவாக வாங்கினார். நீரை மேலேற்ற வழிசெய்து, நிலத்தைத் துண்டுகளாக்கி விற்றார். 1874 முதல் 1876 வரை நகர மேயராகவும் அவரே விளங்கினார். (இதனைத் தற்செயல் எனக் கொள்ளும் வெள்ளையுள்ளம் எமக்கு வாய்க்கவில்லை.) செல்வர் குடியேறினர். 1901இல் ‘ஏஞ்சல்ஸ் ஃபிளைட்’ என்னும் கம்பிவட வண்டி ஒரு சதக் கட்டணத்தில் ஓடத் தொடங்கியது. நகரம் விரியவே செல்வர் வேறிடம் நாடினர். ஒரு வீடு பல அறைகளாயிற்று. ஒரு குடும்பம் வாழ்ந்த கூரையின் கீழ்ப் பலரிடம் வாடகை பெறலாயினர். சாண்ட்லர் சீரழிவு எனக் கண்டது, இலாபம் கொண்ட மறுவடிவமே.

இவ்விடத்தில் ஜோன் ஃபான்டேயின் ‘ஆஸ்க் த டஸ்ட்’ (1939) ஆழமானது. அதில் வரும் விடுதி தலைகீழாய் அமைந்தது: வாயில் குன்றின் உச்சியில், ஏனைய மாடிகள் சரிவிலே கீழ்நோக்கி இறங்குவன. மெக்சிக்கருக்கு இடமில்லை என்கின்றாள் விடுதிக்காரி. இத்தாலியக் குடியேறியின் மகனான பண்டினி தன்னை அமெரிக்கன் எனக் கூறி அறை பெறுகின்றான். பின்னர், இளமையில் தான் பட்ட அதே இழிவை, மெக்சிக்கப் பரிசாரகியான கமில்லாமீது வீசுகின்றான். வறியோர் வறியோரைத் தாழ்த்துவது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை இப்பகுதி போலக் காட்டும் எழுத்து அக்காலத்தில் அரிது. எனினும் வாடகை எவர் கைக்குச் செல்கின்றது என்ற வினா ஃபான்டேயிடமும் எழவில்லை. விடுதிக்காரிக்கு அப்பால் அவர் பார்வை செல்வதில்லை.

அவ்வினா எழாமற் போனமை சிறு குறையன்று. 1959இல் நகரசபை புனரமைப்புத் திட்டத்தை ஏற்றபோது, சீரழிவு என்ற அதே நியாயமே முன்வைக்கப்பட்டது. முதியோரும் வருவாய் குறைந்தோருமாய் அங்கு வாழ்ந்தோர் அகற்றப்பட்டனர். காப்பாற்றவென 1969இல் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டவை இரண்டு பழைய வீடுகள். அவையும் அவ்வாண்டிலேயே எரிந்தன.